ஸ்டீமா, எபிக்கா, ஜிஓஜியா? கேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீம், எபிக், ஜிஓஜி மூன்றும் கணினி கேம்களை விற்கும் இணையக் கடைகள். எபிக் வியாழன்தோறும் தரும் இலவச கேம்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களில் பலர், காசு கொடுத்து வாங்கும்போது ஸ்டீமுக்குத்தான் போகிறார்கள். அவர்களுடைய சேவ் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு), மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகள்), நண்பர் பட்டியல் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. பெரிய கேம் நிறுவனங்களுக்கே இது உறைத்தது. 2011-க்குப் பிறகு ஸ்டீமிலிருந்து விலகி நின்ற இஏ 2019-இல் திரும்பி வந்தது. பெத்தெஸ்டா 2022-இல் தன் லாஞ்சரையே (கேமை வாங்கி, நிறுவி, திறக்கும் செயலி) மூடி, வாடிக்கையாளர்களின் கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக் கொடுத்தது.

ஆகவே விலையைப் பார்க்கும் முன் மாட் நிலவரத்தைப் பாருங்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கேமை எபிக் 2020 டிசம்பரில் இலவசமாகக் கொடுத்தது, ஆனால் அந்தப் பதிப்பில் மாட்களை இறக்கும் ஸ்டீம் வொர்க்‌ஷாப் கிடையாது. மாட் இல்லாமல் அந்த கேம் பாதி கேம்தான்.

பாதியில் லாஞ்சர் மாறுவதாக இருந்தால் சேவ்தான் பெரிய தலைவலி. முதலில் ஸ்டீமில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்டீஸில் கிளவுட் சேமிப்பை (சேவ் ஃபைலை இணையத்தில் தானாக வைக்கும் வசதி) அணையுங்கள். சேவ் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா, ஸ்டீமின் யூசர்டேட்டா ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே வேறு டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பிறகு புது லாஞ்சரில் கேமை நிறுவி, முதல் சேவ் விழும்வரை ஆடிவிட்டு வெளியே வாருங்கள். அது உருவாக்கிய ஃபோல்டருக்குள் பழைய ஃபைல்களைப் போடுங்கள். அந்தப் புது ஃபோல்டரின் பெயரை மட்டும் தொடாதீர்கள். பல கேம்களில் ஸ்டீம் ஃபோல்டரின் பெயர் 17 இலக்க கணக்கு எண். மற்ற லாஞ்சர் தன் சொந்த அடையாளத்தைத்தான் தேடும், பழைய பெயரைக் கண்டுகொள்ளாது. புது லாஞ்சரின் கிளவுடும் அணைந்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் புது சேவ் உங்கள் நாற்பது மணி நேர ஆட்டத்தின் மேல் ஏறிவிடும். சில கேம்கள் கணக்கு எண்ணை சேவ் ஃபைலுக்குள்ளேயே பதித்திருக்கும். அப்படியானால் நகலெடுத்துப் பயனில்லை.

ரீஃபண்டுக்கு ஸ்டீம், எபிக் இரண்டிலும் 14 நாள், 2 மணி நேரத்துக்குக் குறைவான ஆட்டம் என்பதே விதி. மெனுவில் சும்மா நிற்பதும், கேம் திறந்தபின் ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாராகக் காத்திருப்பதும் அந்த 2 மணியில் சேரும். ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம்.

கடையே மூடினாலும் கேம் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஜிஓஜிதான். அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (இணையம் இல்லாமலே கேமை நிறுவும் ஃபைல்) இறக்கி வெளி டிரைவில் வையுங்கள். பெரிய கேம்கள் பல துண்டுகளாக வரும். எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நிற்கும்.

அந்த கேமை ஸ்டீமின் நூலகத்திலேயே வைத்துத் திறக்க, கீழே இடது மூலையில் உள்ள கேம் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, ஸ்டீம் அல்லாத கேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓவர்லேயும் (கேமின் மேலேயே திறக்கும் ஸ்டீம் திரை) கன்ட்ரோலர் அமைப்பும் பெரும்பாலும் வேலை செய்யும். ஸ்டீம் அச்சீவ்மென்ட் (ஆட்டத்தில் கிடைக்கும் சாதனைக் குறி), கிளவுட் சேவ் இரண்டும் வராது.