பேங்கில் “முடியாது” என்றால் அடுத்து என்ன செய்வது?

எங்கள் தெருவில் யாருக்கு பேங்க் வேலை தடைபட்டாலும் நேராக என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். 1987-இல் ஒரு தேசியமயமான வங்கியில் கேஷியராகச் சேர்ந்து, தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்ளேயே ஆறு கிளைகள் சுற்றி, மேனேஜராக ஓய்வு பெற்றவள் நான். வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: “முடியாதுன்னுட்டாங்க அக்கா.” நான் கேட்பதும் ஒன்றுதான்: “யார் சொன்னாங்க?” பாதிப் பேருக்குத் தெரியாது. “கவுன்டர்ல இருந்த பொண்ணு” என்பார்கள்.

அந்தப் பெண் சொன்ன “முடியாது” அநேகமாக “என் கையில் இல்லை” என்பதன் சுருக்கம். அப்படியானால் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பேங்கில் எந்தக் காரியத்தையும் ஒரே ஆள் முழுதாகச் செய்துவிட முடியாதபடிதான் ஏற்பாடே. நான் ஹெட் கேஷியராக இருந்தபோது ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது அக்கவுன்டன்டிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. ஒருநாள் மகளுக்கு நல்ல காய்ச்சல். லீவு சொன்னால் போதாது. சாவியை ஒப்படைக்க வேண்டுமே! பஸ் ஏறிப் போய், கையிருப்பை எண்ணிக் காட்டி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே கதைதான். ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து பாஸ் பண்ணுவார். தொகை பெரிது என்றால் அதற்கும் மேலே ஒருவர். கவுன்டரில் இருப்பவரை எவ்வளவு திட்டினாலும் அந்த அனுமதி அவர் ஐடியில் இருக்காது. அதனால் சண்டை போடாமல், “இதை யார் பாஸ் பண்ணணும்?” என்று கேளுங்கள். கை தானாக ஒரு மேஜையைக் காட்டும்.

மேனேஜருக்கும் இப்படித்தான். அவருடைய கிரேடுக்குத் தக்கபடி இத்தனை லட்சம் வரைதான் கடன் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ரீஜனல் ஆபீஸ். வீட்டுக்கடனைப் பல வங்கிகளில் கிளை பார்ப்பதே இல்லை. அதற்கென்று தனி மையம் இருக்கிறது. “சார் பார்த்துக்கிறேன்னு சொன்னார்” என்று மூன்று மாதம் நடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். தேதி சொல்லத் தயங்கினால் ஃபைல் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.

போகும் நாளும் முக்கியம். மாத முதல் வாரத்தில் பென்ஷன் கூட்டம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை என்பதால் அதை அடுத்த திங்களும் உதவாது. மார்ச் கடைசி வாரத்தில் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். மாத நடுவில், ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து போங்கள்.

கே.ஒய்.சி., அதாவது அடையாளம், முகவரி பற்றிய விவரம் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. “இருபது வருஷமா கணக்கு வச்சிருக்கேன், என்னைத் தெரியாதா?” உங்களைத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கணக்கையும் ஆபத்து அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரித்து, முறையே 2, 8, 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை விவரம் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் கிளைக்குப் போய் நிற்கவே வேண்டாம்; மாற்றமில்லை என்று பதிவு செய்த ஈமெயிலிலோ மொபைலிலோ நெட் பேங்கிங்கிலோ நீங்களே தெரிவித்தால் போதும்.

கடன் தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்னால் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். கெடு தாண்டிய மறுநாளிலிருந்தே கம்ப்யூட்டர் எண்ணத் தொடங்கிவிடும்: 30 நாள் வரை ஒரு படி, 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அந்த முத்திரையை மேனேஜர் குத்துவதில்லை, மென்பொருளே குத்துகிறது. அதற்குப் பிறகு அவருக்கு உங்கள் மேல் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. முன்கூட்டியே வந்து, “நெல் பணம் வர இரண்டு மாசம் ஆகும்” என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஏதாவது வழி பார்க்க முடிந்திருக்கிறது.

எழுதிக் கொடுப்பது என்றேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. என் கணவர் இறந்தபோது வேறொரு வங்கியில் அவருக்கு ஒரு எஃப்.டி. இருந்தது, நாமினி, அதாவது அவருக்குப் பிறகு பணத்தைப் பெறப் பதிவாகியிருந்தவள் நான். கிளையில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டு ஜாமீன்தாரர்களும் வேண்டுமாம். நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுரிமைச் சான்றோ ஜாமீன் பத்திரமோ வற்புறுத்தக் கூடாது, காகிதங்கள் கொடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. முப்பது வருடம் இதே வேலை பார்த்த எனக்கே மூன்று முறை அலைச்சல். சரி என்று வீட்டுக்கு வந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கணக்கு எண், எஃப்.டி. ரசீது எண், இறப்புச் சான்றிதழை இணைத்திருப்பது, எனக்கு என்ன வேண்டும் என்பது. கடைசியில் ஒரு வரி: “மேற்கண்டதைத் தவிர வேறு ஆவணம் தேவையென்றால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” குறை, கோபம், குடும்பக் கதை எதுவும் இல்லை. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் பணம் வரவாகிவிட்டது. அடுத்த முறை போனபோது அந்த உதவி மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: “லெட்டர் குடுத்தீங்களே மேடம், அதை வச்சுத்தான் நான் மேலே அனுப்ப முடிஞ்சுது.” உண்மைதான். ஊழியருக்கு ஆடிட்டர் பயம் எப்போதும் உண்டு. வாய்வார்த்தையை நம்பி ஒன்றைச் செய்துவிட்டால் நாளைக்குக் காட்ட அவரிடம் எதுவும் இருக்காது. கடிதத்தை மிரட்டல் என்று நினைத்து எழுதாதீர்கள். அவருக்கு ஒரு வவுச்சர் கொடுப்பதாக நினைத்து எழுதுங்கள், தொனி தானாக மாறும்.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிக்கும் ஒரே இடம், சி.எம்.எஸ். என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், விவரம் கேட்க 14448 என்ற எண். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் வங்கியிடம் புகார் கொடுத்ததற்குச் சான்று கேட்பார்கள். சீல் போட்ட அந்தப் பிரதி அங்கேதான் கைகொடுக்கும். கடன் கொடுக்க மறுத்தார்கள் என்பதை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். யாருக்குக் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வியாபார முடிவு. அதில் தலையிட மாட்டார்கள்.

கணக்கிலிருந்து பணம் களவு போயிருந்தால் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். அந்த நிமிடமே வங்கியின் உதவி எண்ணுக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் போட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எல்லாம் அப்புறம்.

இன்னொன்று, இன்றைக்கே செய்யக்கூடியது. பாஸ்புக்கையும் எஃப்.டி. ரசீதுகளையும் எடுத்து, நாமினி பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில் என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை போடலாம். ஊருக்கெல்லாம் சொல்கிற என்னுடைய ரசீது ஒன்றிலேயே நாமினியாக இன்னும் என் கணவர் பெயர்தான் இருந்தது. போன மாதம்தான் போய் மகள் பெயருக்கு மாற்றினேன்.