ஐஐஎம் நுழைவுத் தேர்வு: பி.காம் மாணவர்கள் கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வில் மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஆங்கிலம் முதலில், அடுத்து டேட்டா இன்டர்பிரடேஷனும் (அட்டவணை, வரைபடத் தகவல்களை அலசுவது) லாஜிக்கும், கடைசியில் கணக்கு. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். பின்னால் போக வழியில்லை. 2024 தாளில் கணக்குக்கு 22 கேள்விகள். பி.காம், பிபிஏ மாணவர்கள் பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். சதவீதம், லாப நட்டம், வட்டி, விகிதம், வேலையும் நேரமும் என்று பள்ளியில் படித்த பாடங்களே இதில் நல்ல பங்கு. முதல் இரண்டு மாதம் இவற்றை மட்டும் போடுங்கள். அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் அப்புறம்.

வணிகவியல் படித்தவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. அடக்க விலை 80 ரூபாய், விற்ற விலை 100. லாபம் எத்தனை சதவீதம்? அக்கவுண்டன்சியில் மொத்த லாப விகிதம் விற்பனையின் மேல் போடுவது, ஆகவே 20. நுழைவுத் தேர்வில் லாப சதவீதம் என்றாலே அடக்க விலையின் மேல், ஆகவே 25. விடைகளில் 20-உம் இருந்தால், மூன்று வருடப் பழக்கத்தில் கை தானாக அங்கே போய்விடும். லாபக் கணக்கு வந்ததும் ‘எதன் மேல்?’ என்று ரஃப் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு தப்பு, சதவீதங்களை நேராகக் கூட்டிக் கழிப்பது. அடக்க விலைக்கு மேல் 40% ஏற்றி விலை குறித்து, 25% தள்ளுபடி கொடுத்தால் லாபம் 15% இல்லை. 140% என்பது 7/5, 75% என்பது 3/4. 7/5-ஐ 3/4-ஆல் பெருக்கினால் 21/20. லாபம் வெறும் 5%. இப்படிப் பின்னமாகப் பார்க்க 1/2 முதல் 1/15 வரை சதவீத மதிப்புகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: 1/6 என்றால் 16.67, 1/7 என்றால் 14.29, 1/12 என்றால் 8.33. திரையில் கால்குலேட்டர் உண்டுதான். ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அமுக்குவதற்குள் மனக்கணக்கு முடிந்திருக்கும்.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 போகும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையாவது நிச்சயம் தவறு என்று தெரிந்தால் அடிக்கலாம். நாமே எண்ணை உள்ளிடும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மதிப்பெண் கிடையாது. அவற்றை வெறுமனே விடவே கூடாது.

40 நிமிடத்தை இரண்டு சுற்றாகப் பிரியுங்கள். முதல் 25 நிமிடத்தில் 22 கேள்விகளையும் பார்த்துவிட வேண்டும். படித்து அரை நிமிடத்தில் வழி தெரியவில்லையா, குறித்துவிட்டு நகருங்கள். ஆறாவது கேள்வியில் எட்டு நிமிடம் மல்லுக்கட்டி, கடைசியில் இருந்த சுலபமான வட்டிக் கணக்கைப் பார்க்காமலே எழுந்து வருவதுதான் மதிப்பெண்ணை அதிகம் தின்கிறது. லாஜிக் பிரிவில் இதே கட்டுப்பாட்டைத் தொகுப்புகளுக்கு (ஒரே தகவலை வைத்து வரும் சில கேள்விகள்) வையுங்கள்: முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லாத் தொகுப்புகளையும் படித்து, முடியும் என்று படுகிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள்.

மாதிரித் தேர்வு எழுத இரண்டு மணி நேரம் என்றால், அலச மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தவறான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கூட்டல் பிசகியது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. விட்டுவிட்ட கேள்விகளையும் நேரம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் வந்தால், அது அன்று விட்டிருக்கக் கூடாத கேள்வி.