டிரெட்மில் பரிசோதனை: வலிக்காத இதய நோயைக் கோட்டை விடும் தவறுகள்

"எனக்கு நெஞ்சு வலித்ததே இல்லை, எனக்கெதற்கு இதயப் பரிசோதனை?" என்று கேட்கும் பெரியவர்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வலி இல்லாததையே நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போனால் எல்லோருக்கும் வலித்துவிடுவதில்லை. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியை உணர்த்தும் நரம்புகளே மங்கியிருக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் முதுமை ஆய்வில், தொந்தரவு ஏதும் இல்லாத தன்னார்வலர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, இ.சி.ஜி.யோடு, இதயத் தசைக்கு ரத்தம் சேர்வதைப் படமாகக் காட்டும் தாலியம் ஸ்கேனும் எடுத்தார்கள். 1990இல் வெளியான அதன் முடிவுப்படி, இதயத் தசைக்கு ரத்தம் போதாதது இரண்டிலும் தெரிந்தவர்கள் 40 முதல் 59 வயதுக்காரர்களில் 2 சதவீதம். எண்பதுகளில் இருந்தவர்களில் 15 சதவீதம்.

எனக்குப் பெரிதும் கவலை தருவது இன்னொரு தவறு. டிரெட்மில் அறிக்கையின் கடைசி வரியில் 'நெகடிவ்' (குறை தெரியவில்லை) என்று இருந்தால் அத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். எத்தனை நிமிடம் நடந்தார், இதயத்துடிப்பு எதுவரை ஏறியது என்பதையும் பாருங்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தையாவது துடிப்பு எட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 72 வயதுக்கு அது ஏறக்குறைய 126. டிரெட்மில்லை ஓட்டும் வழக்கமான வழியான புரூஸ் முறையில் தொடக்கத்திலேயே நடைபாதை 10 சதவீதம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். மூட்டு தேய்ந்தவர் நான்காவது நிமிடத்தில் "போதும்" என்று நிறுத்தி, துடிப்பு 102இலேயே நின்றிருந்தால் இதயத்தைப் பற்றி அந்தப் பரிசோதனை பெரிதாக எதையும் சொல்லவில்லை. கைப்பிடியில் உடல் பாரத்தைப் போட்டு நடந்தாலும் இதயத்தின் வேலை குறைந்துவிடும். முதியோருக்கென்று மெதுவாக ஏறும் முறை இருக்கிறது. நடக்கவே முடியாதவர்களுக்கு ஊசி மருந்தால் இதயத்தைத் தூண்டி எக்கோவோ (ஒலியலைப் படம்) ஸ்கேனோ எடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மெட்டோபிரோலால், அட்டினோலால் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது, டிகாக்சின் என்ற இதய மருந்து இ.சி.ஜி. கோட்டையே மாற்றிக் காட்டும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நிறுத்தலாமா, எப்படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நடக்கும்போது வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், வயதானால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டாம். வலி தெரியாதவர்களுக்கு மூச்சுத்திணறலே முதல் அறிகுறியாக இருக்கலாம். முடிந்ததும் அவசரமாக வயர்களைக் கழற்றச் சொல்வதும் கூடாது. சிலருக்கு மாற்றம் தெரிவதே ஓய்வெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

'பாசிடிவ்' என்றதும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று குடும்பமே கலங்குவதும் நடக்கிறது. இ.சி.ஜி.யை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தவறாக எச்சரிப்பது உண்டு, பெண்களிடம் கூடுதலாக. அதே பால்டிமோர் ஆய்வில் சராசரியாக 4.6 ஆண்டுகள் கவனித்தபோது, இரண்டு பரிசோதனையிலும் குறை இல்லாதவர்களில் 7 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்தது. ஒன்றில் மட்டும் குறை தெரிந்தவர்களில் 8 சதவீதம். இரண்டிலும் தெரிந்தவர்களில் 48 சதவீதம். டிரெட்மில் இ.சி.ஜி. மட்டும் மாறியிருந்தால், அடுத்து ஸ்கேன் தேவையா என்பதே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.