மிதவையை வளைக்கும் முன்

பழைய பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் உள்ளே பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையின் நாக்கை (ஊசி வால்வைத் தள்ளும் சின்னத் தகடு) உடனே வளைக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் அந்த ஊசி வால்வின் நுனியைப் பாருங்கள். தேய்ந்து வளையம் விழுந்திருந்தால் எந்த அளவு வைத்தாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. (அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.)

இரண்டும் சரி என்றால் அப்புறம் மிதவையின் உயரம். ஊசியில் ஸ்பிரிங் முனை இருந்தால், கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு அந்த முனையைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்கும்போது அளந்து பாருங்கள். தலைகீழாக வைத்தால் மிதவையின் எடையே ஸ்பிரிங்கை அமுக்கி அளவைக் கெடுத்துவிடும். மில்லிமீட்டர் கணக்குக்கு அந்த மாடலின் கையேடுதான். நாக்கை மயிரிழை அளவு வளைத்தாலே போதும், மிதவையின் விளிம்பு நன்றாக நகர்ந்துவிடும்.