தண்ணீரில் கெடும் ஜப்பானியச் சமையல்

மசாலா இல்லை, தாளிப்பு இல்லை. காயை வேகவைத்து சோயா சாஸை ஊற்றினால் ஜப்பானியச் சமையல் ஆகிவிடும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். வாயில் வைக்க முடியாமல் போன சட்டிகளை இப்போது எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசித் தவறு தண்ணீர் விஷயத்தில்தான்.

முதல் தவறு, டோஃபு சூப்தானே, கீரைதானே, சைவமாகத்தான் இருக்கும் என்று நம்புவது. அங்கே எல்லாவற்றுக்கும் அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கிறது. அது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. மிசோ என்ற புளித்த சோயா விழுதிலேயே தாஷி கலந்த ஒரு வகை உண்டு. நூடுல்ஸுக்கான 'மென்த்சுயு' பாட்டிலிலும் மீன் இருக்கும். லேபிளைப் படிக்காமல் பல மாதம் மீன் மிசோவை வாங்கி, 'சுத்த சைவம்' என்று விருந்தாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறேன்.

வீகன் தாஷிக்கு கொம்பு போதும். பெயர்தான் கொம்பு, பொருள் கடற்பாசி. 1908-இல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் 'உமாமி' சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தது இதிலிருந்துதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, சுவை. அதைத் தேய்த்துக் கழுவாமல் ஈரத்துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள். சூடாக்கும்போது கொதி வருவதற்குள் கொம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் சாறு வழவழத்துக் கசக்கும். காய்ந்த ஷீடாக்கே காளானுக்கும் அவசரம் ஆகாது. வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறும், ஆனால் சுவை குறையும். ஃபிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு கிடக்கட்டும்.

குளிர்காலத்தில் ஜப்பானில் விவசாயிகள் நேரடியாக விற்கும் இடங்களில் டைக்கான் முள்ளங்கி இலையோடு வரும். இலை பச்சென்று அழகாக இருக்கிறதே என்று அப்படியே வைத்தால், கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். வீட்டுக்கு வந்ததும் நறுக்கிப் பிரியுங்கள். இலை மிசோ சூப்புக்கு ஆகும்.

கிழங்கை 3 சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டிப் பாருங்கள். தோலை ஒட்டி உள்ளே மெல்லிய வளையம் ஒன்று தெரியும். அதுவரைக்கும் நார். பீலரால் மேலாகச் சீவினால் நார் உள்ளேயே நின்றுவிடும், எவ்வளவு வெந்தாலும் பல்லில் மாட்டும். கத்தியால் 3 மில்லிமீட்டராவது தடிமனாகச் சீவ வேண்டும். அடுத்து, வெறும் தண்ணீருக்குப் பதில் அரிசி கழுவிய தண்ணீரில் வேகவையுங்கள். நம் ஊரில் மாட்டுத் தொட்டிக்குப் போகிற கழுநீர்தான். காரலை இழுத்து, துண்டை வெள்ளையாக வைக்கும். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால், அலசி, கொம்புச் சாற்றுக்கு மாற்றுங்கள். சர்க்கரை முதலில், சோயா சாஸ் அப்புறம். வரிசை மாறினால் இனிப்பு உள்ளே பிடிக்காது. அடுப்பிலிருந்து இறக்கியதும் பரிமாறுவதும் தப்புதான். ஆறும்போதுதான் சாறு உள்ளே இறங்குகிறது.

கீரையில் தவறு நேர் எதிர், தண்ணீரை விட்டுவைப்பது. பாலக்கை ஒரு நிமிடம்கூட ஆகாமல் கொதிநீரில் முக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கட்டாகப் பிடித்துப் பிழிய வேண்டும். பிறகு சில சொட்டு சோயா சாஸ் தெளித்து இன்னொரு பிழி. அதற்கப்புறம்தான் வறுத்துப் பொடித்த எள். இரண்டாவது பிழியலைச் சோம்பினால் தட்டில் எள் மிதக்கும்.

மிசோவைக் கொதிக்கவிடாதீர்கள், மணம் ஓடிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியில் கொஞ்சம் சாறு எடுத்துக் கரைத்து ஊற்றினால் போதும்.

சாறு எடுத்த கொம்பைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து ஈரம் வற்றும்வரை சுண்டவைத்தால் 'த்சுகுதானி'. சூடான சோற்றுக்குத்தான் அங்கே தொட்டுக்கொள்வார்கள். என் வீட்டில் கஞ்சிக்கு.