வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் தாமே பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டியது காரணம். பெரும்பாலும் வாடகை பாக்கிதான். இரண்டு மாத பாக்கி என்று சொல்லியிருந்தால், நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியைக் குறித்து, தபால் உறையையும் பத்திரப்படுத்துங்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியையும் வட்டியோடு கட்டினால், அந்தக் காரணத்துக்காகக் காலி செய்ய உத்தரவிட முடியாது. மாத வாடகை 12,000 ரூபாய் என்றால் 24,000-உம் வட்டியும். பலர் வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் கட்டுவார்கள். அங்கேதான் வழக்கு சறுக்கும்.

உரிமையாளர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுக்கிறாரா? சும்மா இருந்தால் அதுவே பாக்கியாகிவிடும். மணியார்டர் போலச் சான்று மிஞ்சும் வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அப்போதும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத வாடகையை நிரூபிப்பது பெரும்பாடு. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக்கி வெளியேற்றக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, ஒப்பந்தம் போடச் சொல்லி நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக்கூட அழிக்காதீர்கள்.

விசாரணைத் தேதியைத் தவறவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடலாம்.