ஆட்டோ ஸ்வீப் வசதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்குப் பெரிய வங்கிகள் பலவும் 2025 ஜூனுக்குப் பிறகு ஆண்டுக்கு 2.5 சதவீதம் அளவிலேயே வட்டி தருகின்றன. வியாபாரிகளின் நடப்புக் கணக்குக்கு அதுவும் கிடையாது. அந்தக் கணக்கின் இருப்புக்கு வட்டி வழங்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருவதில்லை. இந்த இழப்பைக் குறைக்கத்தான் ஆட்டோ ஸ்வீப் வசதி இருக்கிறது. கணக்கிலுள்ள தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் உபரிப் பணம் தானாகவே ஃபிக்சட் டெபாசிட்டாக மாறும். கணக்கில் பணம் போதாதபோது அந்த டெபாசிட்டிலிருந்து தேவையான தொகை தானாகவே திரும்பி வரும். வசதி நல்லதுதான். ஆனால் படிவத்தில் கையெழுத்திட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள், இதனால் கிடைக்க வேண்டிய வட்டியின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமலே இழக்கிறார்கள்.

முதல் தவறும் பெரிய தவறும் வரம்பைக் குறைவாக வைப்பது. மாதம் 60,000 ரூபாய் ஊதியம் வாங்கும் ஒருவர் வரம்பை 25,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். ஒன்றாம் தேதி ஊதியம் வந்தவுடன் 35,000 ரூபாய் டெபாசிட்டுக்குப் போய்விடுகிறது. ஐந்தாம் தேதி வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்ந்து 33,000 ரூபாய் எடுக்கப்படும்போது, கணக்கில் இருக்கும் 25,000 ரூபாய் போக மீதி 8,000 ரூபாய்க்கு நான்கு நாள் வயதுள்ள டெபாசிட் உடைக்கப்படுகிறது. இந்திய வங்கிகளில் டெபாசிட்டின் குறைந்தபட்சக் காலம் 7 நாள்; அதற்குள் எடுத்த பணத்துக்கு வட்டியே இல்லை. அந்த 8,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலேயே இருந்திருந்தால், 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் தினசரி இருப்புக் கணக்கின்படி நான்கு நாளுக்கும் சிறு வட்டியாவது சேர்ந்திருக்கும். மாதாமாதம் இதே கதை நடந்தால், சேமிப்பு வட்டியும் இல்லாமல் டெபாசிட் வட்டியும் இல்லாமல் பணம் போவதும் வருவதுமாகவே இருக்கும். பாஸ்புக்கில் வரிகள் மட்டும் கூடும்.

ஆகவே வரம்பை முடிவு செய்யும் முன் கடந்த ஓராண்டுக் கணக்கறிக்கையை எடுத்து, அதிகச் செலவான மாதம் எது என்று பார்க்க வேண்டும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை வரும் காப்பீட்டு பிரீமியம் ஆகியவற்றை மறந்துவிட்டுச் சராசரி மாதத்தை வைத்து வரம்பு போடுபவர்களே அதிகம். வங்கி தன் வரம்பை மாற்ற அனுமதிக்காவிட்டால், வாடகைக்கும் தவணைக்கும் வேறொரு சாதாரணக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஸ்வீப் கணக்கில் கைவைக்காத பணத்தை மட்டும் விடுவதே சரியான வழி என்பது என் கருத்து.

அடுத்த தவறு, விளம்பரத்தில் இருக்கும் வட்டி விகிதத்தை அப்படியே நம்புவது. ஓராண்டுக்கு 6.25 சதவீதம் என்று பலகையில் எழுதியிருந்தால், அது ஓராண்டு முழுவதும் தங்கும் பணத்துக்குரியது. இடையில் உடைக்கப்படும் பகுதிக்கு, அது உண்மையில் தங்கிய நாள்களுக்கான விகிதமே பொருந்தும். அதிலும் பல வங்கிகள் 0.5 அல்லது 1 சதவீதம் அபராதமாகக் கழிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் 40 நாள் தங்கிப் பிறகு உடைகிறது, அந்தக் காலத்துக்கான விகிதம் 3.05 சதவீதம், அபராதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 2.05 சதவீதக் கணக்கில் சுமார் 112 ரூபாய். அதே பணம் சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதத்தில் இருந்திருந்தால் சுமார் 137 ரூபாய் கிடைத்திருக்கும். அதாவது ஸ்வீப் செய்ததாலேயே நட்டம். ஸ்வீப் டெபாசிட்டுக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கிகளும் உண்டு என்பதால், கணக்குத் தொடங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி "வட்டி எவ்வளவு?" என்பதைவிட "முன்கூட்டி உடைந்தால் எவ்வளவு?" என்பதுதான்.

எந்த டெபாசிட் முதலில் உடைகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஸ்வீப் கணக்கில் காலப்போக்கில் பல சிறு டெபாசிட்டுகள் சேர்ந்திருக்கும். கடைசியாகப் போட்டது முதலில் உடையும் முறையும் உண்டு, முதலில் போட்டது முதலில் உடையும் முறையும் உண்டு. பதினொரு மாதம் முடிந்த டெபாசிட்டும் மூன்று வாரமே ஆன டெபாசிட்டும் இருக்கும்போது, பழையதை உடைத்தால் பதினொரு மாதப் பலனும் குறைகிறது. புதியதை உடைத்தால் இழப்பு மூன்று வாரத்தோடு நிற்கிறது. வட்டி விகிதங்கள் இறங்கும் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்ததால், 2024இல் போட்ட டெபாசிட்டுக்குக் கிடைத்த விகிதம் அதை உடைத்தவருக்குத் திரும்பக் கிடைக்காமல் போயிற்று. பெரும்பாலானவர்களுக்குக் கடைசியாகப் போட்டது முதலில் உடையும் முறையே ஏற்றது. எந்த அளவில் உடைகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பாரத ஸ்டேட் வங்கியின் ஸ்வீப் டெபாசிட்டான எம்.ஓ.டி. (மல்டி ஆப்ஷன் டெபாசிட்) திட்டத்தில் 1,000 ரூபாய் மடங்குகளில் உடைகிறது. இதைவிடப் பெரிய அளவில் உடைக்கும் வங்கிகளில், சிறு தேவைக்கும் பெரிய தொகை வட்டி இழக்கும்.

நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு நிலைமை சற்று வேறு. விற்பனையில் வசூலாகும் ஜி.எஸ்.டி. தொகையை மாதந்தோறும் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதுவரை சில வாரங்கள் அந்தப் பணம் வட்டியின்றிக் கணக்கில் இருக்கும். வட்டியே இல்லாத கணக்கு என்பதால் 7 நாளைத் தாண்டினாலே அவருக்கு லாபம்தான். ஆனால் அவரே வேறொரு வங்கியில் கேஷ் கிரெடிட் கடனுக்கு (வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில் கடன்) 10 சதவீதம் போல வட்டி கட்டிக்கொண்டிருந்தால், உபரிப் பணத்தை 6 சதவீத டெபாசிட்டில் போடுவது தவறு. அதைக் கடன் கணக்கில் செலுத்துவதே முறை. கிரெடிட் கார்டு பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே ஸ்வீப் வட்டியைப் பார்த்து மகிழும் ஊதியக்காரருக்கும் இதுவே பொருந்தும். கார்டு பாக்கிக்கு மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டியை எந்த டெபாசிட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

வரியில் நடக்கும் தவறு மார்ச் முடிந்த பிறகே தெரியவரும். ஸ்வீப் டெபாசிட்டின் வட்டி சேமிப்புக் கணக்கின் வழியாகவே வருவதால், அதையும் சேமிப்பு வட்டி என்று எண்ணி, பழைய வரிமுறையில் சேமிப்பு வட்டிக்கு உள்ள 10,000 ரூபாய் கழிவை அதற்கும் கோரிவிடுகிறார்கள். அந்தக் கழிவு டெபாசிட் வட்டிக்குப் பொருந்தாது. மூத்த குடிமக்களுக்கு மட்டும் பழைய முறையில் இரண்டுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஒரு வங்கியில் டெபாசிட் வட்டி நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால், 2025 ஏப்ரல் 1 முதல் வந்த விதிப்படி 10 சதவீதம் டி.டி.எஸ். (வட்டியிலிருந்து வங்கியே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிக்கப்படும், பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். டி.டி.எஸ். பிடிக்காததால் வரியே இல்லை என்று பொருளில்லை. வங்கி தெரிவிக்கும் வட்டி வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இடம்பெறுவதால், தாக்கல் செய்யும் முன் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பணம் தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும்போது ஒரே வங்கியில் எவ்வளவு குவிந்துவிட்டது என்பதும் கவனத்திலிருந்து நழுவும். 2020 பிப்ரவரி 4 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். சேமிப்புக் கணக்கும் ஸ்வீப் டெபாசிட்டுகளும் வேறு கிளையில் உள்ளவையும் இந்த வரம்புக்குள் ஒன்றாகவே எண்ணப்படும். சிறிய கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தைப் பெற நியமிக்கப்படும் நாமினியின் விஷயத்தை வாய்மொழி உறுதியோடு விடக் கூடாது. சேமிப்புக் கணக்கில் பதிவான நாமினி, அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் தானாகவே பதிவாகிறாரா என்பதை வங்கியின் செயலியிலோ கிளையிலோ டெபாசிட் விவரத்தைத் திறந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். பாஸ்புக்கின் கடைசி வரியில் தெரிவது ஸ்வீப் போக மீதமுள்ள தொகை மட்டுமே என்பதால், டெபாசிட் இருப்பது தெரியாத குடும்பத்தினர் 25,000 ரூபாய்தான் இருக்கிறது என்று நினைத்து அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட வாய்ப்பு உண்டு. கணக்கு எண்ணைச் சொல்லும்போதே அதனோடு ஸ்வீப் டெபாசிட்டுகள் இணைந்திருக்கின்றன என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.